பழைய வீட்டுக்கு ஹீட் பம்ப்: 7,500 பவுண்டு மானியம் எப்படி வருகிறது, எதுவரை போதும்

இங்கிலாந்திலோ வேல்ஸிலோ சொந்த வீடு வைத்திருப்பவர் கேஸ் பாய்லரைக் கழற்றிவிட்டு ஹீட் பம்ப் போட்டால், அரசு அதற்கு 7,500 பவுண்டு தருகிறது. உங்கள் சம்பளம் எவ்வளவு என்று கேட்பதில்லை. வீடு விக்டோரியா காலத்துச் செங்கல் வீடா, போன தலைமுறையில் கட்டியதா என்று பார்த்துத் தொகையைக் கூட்டிக் குறைப்பதும் இல்லை. கடனும் இல்லை, திருப்பிக் கட்ட வேண்டியதில்லை.

ஆனால் பழைய வீட்டில் இருப்பவர்கள் தடுமாறுவதும் இங்கேதான். மானியம் எல்லோருக்கும் ஒரே தொகை. வீட்டுக்கு என்ன தேவை என்பதோ வீட்டுக்கு வீடு மாறுகிறது. ஒரு வீட்டில் வெந்நீர் ஓடி அறையைச் சூடாக்கும் ரேடியேட்டர் தகடுகளில் இரண்டை மாற்றினால் போதும், இன்னொரு வீட்டில் எட்டையும் மாற்ற வேண்டும், மின்சாரக் கம்பியையும் பிரிக்க வேண்டும். இரண்டு பேருக்கும் அதே 7,500தான். அதனால் மானியம் கிடைக்குமா என்ற கேள்வியைவிட, என் வீட்டுக்கு என்ன வேலை செய்யப் போகிறார்கள் என்ற கேள்வி பல மடங்கு முக்கியம். இரண்டையும் முதலிலிருந்து பார்ப்போம். தொகைகளும் விதிகளும் 2025ஆம் ஆண்டு நிலவரப்படி.

ஹீட் பம்ப் என்ன செய்கிறது

உங்கள் வீட்டு ஃபிரிட்ஜின் பின்பக்கத்தைத் தொட்டால் சூடாக இருக்கும். உள்ளே இருக்கும் சூட்டை எடுத்து அது வெளியே தள்ளுகிறது. ஹீட் பம்ப் அதே வேலையைத் திருப்பிச் செய்கிறது: வெளியே இருக்கும் காற்றிலிருந்து வெப்பத்தை எடுத்து வீட்டுக்குள் ஓடும் தண்ணீருக்குக் கொடுக்கிறது. வெளியே பூஜ்ஜியம் டிகிரி இருந்தாலும் காற்றில் வெப்பம் இருக்கத்தான் செய்கிறது. மிகக் குறைந்த வெப்பநிலையிலேயே ஆவியாகும் ஒரு திரவம் குழாய்க்குள் ஓடி அந்த வெப்பத்தை வாங்கிக்கொள்ளும். பிறகு கம்ப்ரஸர் அதை அழுத்தும்போது அது நன்றாகச் சூடாகும்.

பாய்லர் எரிபொருளை எரித்து வெப்பத்தை உண்டாக்குகிறது. ஒரு யூனிட் கேஸ் எரித்தால் ஒரு யூனிட்டுக்குக் கொஞ்சம் குறைவாகத்தான் வெப்பம் கிடைக்கும். ஹீட் பம்ப் வெப்பத்தை உண்டாக்குவதில்லை, இடம் மாற்றுகிறது. அதனால் ஒரு யூனிட் மின்சாரத்துக்கு இரண்டரை முதல் நான்கு யூனிட் வரை வெப்பம் கிடைக்கிறது. எவ்வளவு கிடைக்கும் என்பதைத் தீர்மானிப்பதில் பெரிய பங்கு ரேடியேட்டருக்குப் போகும் தண்ணீரின் சூட்டுக்கு உண்டு. தண்ணீரை 35 அல்லது 45 டிகிரிக்குச் சூடாக்கச் சொன்னால் ஹீட் பம்ப் சுலபமாகச் செய்யும். 60 டிகிரி கேட்டால் திணறும், மின்சாரத்தை இழுக்கும். தண்ணீரின் சூட்டை ஒரு டிகிரி குறைத்தால் திறன் சுமார் 2 முதல் 3 சதவீதம் கூடும் என்பது இந்தத் தொழிலில் இருப்பவர்கள் கையில் வைத்திருக்கும் கணக்கு.

காற்றிலிருந்து எடுப்பதற்குப் பதிலாகத் தோட்டத்து மண்ணிலிருந்து வெப்பத்தை எடுக்கும் வகையும் உண்டு. அதற்குக் குழாய் புதைக்க நிலமோ ஆழ்துளையோ வேண்டும், செலவும் அதிகம். மானியத் தொகை அதற்கும் இதேதான். வரிசை வீடுகளில் இருப்பவர்களுக்குப் பெரும்பாலும் காற்று வகைதான் நடைமுறையில் சாத்தியம் என்பதால் இனி அதைப் பற்றியே பேசுகிறேன்.

மானியம் யார் கைக்கு வருகிறது

திட்டத்தின் பெயர் பாய்லர் அப்கிரேட் ஸ்கீம். 2022இல் தொடங்கியது. அதற்கு முன்பு இருந்த திட்டம், நீங்கள் முழுச் செலவையும் முதலில் போட்டுவிட, ஏழு வருடத்துக்குக் காலாண்டுக்கு ஒரு முறை கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பித் தந்தது. கையில் மொத்தமாகப் பணம் இல்லாதவர்களுக்கு அது உதவவில்லை. புதிய திட்டம் தொகையை முதலிலேயே பில்லில் கழித்துவிடுகிறது. ஆரம்பத்தில் காற்று வகைக்கு 5,000, நில வகைக்கு 6,000 பவுண்டாக இருந்தது. 2023 அக்டோபரில் இரண்டையும் 7,500 ஆக்கினார்கள்.

புதிதாகக் கேட்பவர்களுக்குக் குழப்பம் தருவது இதுதான்: விண்ணப்பம் போடுவது நீங்கள் அல்ல. பொருத்தித் தரும் நிறுவனம் போடுகிறது. அந்த நிறுவனம் எம்.சி.எஸ். என்ற தரச் சான்றிதழ் பெற்றிருக்க வேண்டும். எம்.சி.எஸ். இணையதளத்தில் நிறுவனத்தின் பெயரைப் போட்டுத் தேடினால் சான்றிதழ் நடப்பில் இருக்கிறதா என்று தெரிந்துவிடும். இதை மட்டும் தயவுசெய்து விட்டுவிடாதீர்கள். சான்றிதழ் இல்லாதவர் எவ்வளவு நல்ல வேலைக்காரராக இருந்தாலும் மானியம் வராது.

நிறுவனம் வீட்டைப் பார்த்துக் கொட்டேஷன் தரும். நீங்கள் சரி என்றதும், திட்டத்தை நடத்தும் எரிசக்தி ஒழுங்குமுறை அமைப்பான ஆஃப்ஜெமிடம் உங்கள் பெயரில் விண்ணப்பிக்கும். ஆஃப்ஜெம் உங்களுக்கு மின்னஞ்சல் அனுப்பி, இந்த நிறுவனம் உங்கள் சார்பாக விண்ணப்பித்திருக்கிறது, ஒப்புதலா என்று கேட்கும். அதைப் பார்த்துப் பதில் அனுப்ப வேண்டும். ஸ்பேம் பெட்டிக்குள் போய்விட்டால் விண்ணப்பம் அப்படியே நிற்கும், அதனால் அந்த வாரம் அங்கேயும் ஒரு கண் வைத்திருங்கள். எல்லாம் சரியாக இருந்தால் நிறுவனத்துக்கு வவுச்சர் கிடைக்கும். காற்று வகைக்கு மூன்று மாதம், நில வகைக்கு ஆறு மாதம் செல்லும். அதற்குள் வேலையை முடித்து, இயக்கிப் பார்த்து, சான்றிதழ் வாங்கி, நிறுவனம் பணத்தை எடுத்துக்கொள்ளும். உங்கள் பில்லில் 7,500 குறைந்திருக்கும். பணம் உங்கள் வங்கிக் கணக்குக்கு வருவதில்லை.

யாராவது தொலைபேசியில் கூப்பிட்டு, மானியத்தை உங்கள் கணக்கில் போடுகிறோம், கார்டு எண்ணைச் சொல்லுங்கள் என்றால், மேலே சொன்ன வழியில் அதற்கு இடமே இல்லை என்பதை நினைவில் வையுங்கள்.

யாருக்கு உண்டு

வீட்டில் குடியிருக்கும் உரிமையாளர், வாடகைக்கு விட்டிருக்கும் உரிமையாளர், சிறு வணிகக் கட்டடம் வைத்திருப்பவர் எல்லோருக்கும் உண்டு. வாடகைக்கு இருப்பவர் தானாக எடுக்க முடியாது, வீட்டுக்காரர்தான் முன்வர வேண்டும். கவுன்சில் வீடு, ஹவுசிங் அசோசியேஷன் வீடு ஆகியவற்றுக்கு இந்தத் திட்டம் இல்லை. புதிதாகக் கட்டும் வீடுகளுக்கும் இல்லை. தனக்காகத் தானே கட்டிக்கொள்பவருக்கு மட்டும் விலக்கு உண்டு.

இப்போது இருப்பது கேஸ், எண்ணெய், எல்.பி.ஜி. பாய்லராகவோ சாதாரண மின்சார ஹீட்டராகவோ இருக்க வேண்டும். ஏற்கனவே ஹீட் பம்ப் இருந்து, அதை மாற்றுவதற்குக் கிடைக்காது. புதிய இயந்திரம் வீட்டின் முழு வெப்பத்தையும் குளிக்கும் வெந்நீரையும் தானே கவனித்துக்கொள்ள வேண்டும். பாதி வேலைக்குக் கேஸ் பாய்லரை வைத்துக்கொண்டு மீதிக்கு ஹீட் பம்ப் போடும் கலப்பு முறைக்கு மானியம் இல்லை.

பழைய வீட்டுக்காரர்கள் இன்னமும் தவறாகச் சொல்லிக்கொண்டிருக்கும் ஒரு விதி இருக்கிறது. முதலில் கூரைக்கு அடியில் உள்ள லாஃப்டிலும் சுவரிலும், வெப்பம் வெளியேறாமல் தடுக்கும் இன்சுலேஷன் போட்டு முடித்தால்தான் மானியம் என்பது அது. உண்மையிலேயே அப்படித்தான் இருந்தது. வீட்டின் ஆற்றல் சான்றிதழான ஈ.பி.சி.யில் லாஃப்டுக்கோ நடுவில் இடைவெளி விட்டுக் கட்டிய சுவருக்கோ இன்சுலேஷன் பரிந்துரை நிலுவையில் இருந்தால் விண்ணப்பம் நிற்கும். 2024 மே மாதத்தில் அந்தக் கட்டாயத்தை எடுத்துவிட்டார்கள். பத்து வருடத்துக்கு உட்பட்ட ஈ.பி.சி. இருந்தால் போதும், அதில் என்ன பரிந்துரை இருந்தாலும் தடை இல்லை. கட்டாயம் போய்விட்டது என்பதற்காக இன்சுலேஷனே தேவையில்லை என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

பழைய வீட்டில் வேலை செய்யுமா

செய்யும். இதில் எனக்குத் தயக்கம் இல்லை. பிரிட்டன் அரசு இதற்காகவே ஒரு சோதனைத் திட்டம் நடத்தியது. வெவ்வேறு காலத்தில் கட்டிய 742 வீடுகளில் ஹீட் பம்ப் பொருத்திப் பார்த்தார்கள். விக்டோரியா காலத்து வரிசை வீடுகளும் இருந்தன, 1960களின் அடுக்குமாடிகளும் இருந்தன. எந்த வகை வீட்டையும் இதற்கு ஆகாது என்று ஒதுக்க வேண்டியதில்லை என்ற முடிவுக்கு வந்தார்கள். ஒரு யூனிட் மின்சாரத்துக்குச் சுமார் 2.8 யூனிட் வெப்பம் என்பது அங்கே நடுவில் நின்ற எண். ஆனால் வீட்டுக்கு வீடு இடைவெளி பெரிதாக இருந்தது. சில வீடுகளில் மிக நன்றாக ஓடியது, சிலவற்றில் சுமாராக. வடிவமைப்பும் பொருத்திய விதமும்தான் அந்த இடைவெளிக்கு முக்கியமான காரணங்கள். வீட்டின் வயதை மட்டும் வைத்து எதையும் சொல்லிவிட முடியாது.

அந்த வடிவமைப்பு எங்கிருந்து தொடங்குகிறது என்றால், வெப்ப இழப்புக் கணக்கிலிருந்து. நிறுவனத்திலிருந்து வீட்டைப் பார்க்க வருபவர் ஒவ்வொரு அறையாக அளவெடுக்க வேண்டும்: சுவர் எவ்வளவு, எதனால் ஆனது, ஜன்னல் எத்தனை, தரை மரமா கான்கிரீட்டா, மேலே லாஃப்டில் என்ன இருக்கிறது.

ஒரு சுவரை மட்டும் எடுத்துக்கொள்வோம். நூறு வருடத்துக்கு முந்தைய வீடுகளில் சுவர் பெரும்பாலும் ஒன்பது அங்குல முழுச் செங்கல், நடுவில் இடைவெளி கிடையாது. அப்படிப்பட்ட சுவரில் ஒரு சதுர மீட்டர் வழியே, உள்ளுக்கும் வெளிக்கும் ஒரு டிகிரி வித்தியாசத்துக்குச் சுமார் 2 வாட் வெப்பம் வெளியேறும். பத்து சதுர மீட்டர் சுவர், உள்ளே 21 டிகிரி, வெளியே மைனஸ் 2 என்றால் வித்தியாசம் 23. பெருக்கினால் 460 வாட். அதே அளவு சுவர் இடைவெளியோடு கட்டப்பட்டு, அந்த இடைவெளியை இன்சுலேஷனால் நிரப்பியதாக இருந்தால் சதுர மீட்டருக்கு ஒரு டிகிரி வித்தியாசத்துக்கு அரை வாட் அளவுதான், மொத்தம் 115 வாட். ஒரே ஒரு சுவரில் நான்கு மடங்கு வித்தியாசம். இப்படி எல்லா அறைகளையும் கூட்டினால் வீட்டுக்கு எத்தனை கிலோவாட் இயந்திரம் வேண்டும் என்று தெரியும். வீட்டைச் சுற்றி நடந்து பார்த்துவிட்டு, மூன்று படுக்கையறையா, பத்து கிலோவாட் போட்டுவிடலாம் என்று சொல்பவரை நான் நம்பமாட்டேன். தேவைக்கு மேல் பெரிய இயந்திரம் போட்டால் அது அடிக்கடி ஓடி ஓடி நிற்கும், திறன் குறையும், ஆயுளும் குறையும்.

ரேடியேட்டரில்தான் விஷயம் இருக்கிறது

கொஞ்சம் எண்கள் வரும், பொறுமையாகப் படியுங்கள். இந்த ஒரு பகுதி புரிந்துவிட்டால் கொட்டேஷனை நீங்களே படிக்கலாம்.

ரேடியேட்டர் கடையில் விற்கும்போது 1,000 வாட் என்று எழுதியிருப்பார்கள். அது ரேடியேட்டரில் ஓடும் தண்ணீர் அறையைவிடச் சராசரியாக 50 டிகிரி சூடாக இருக்கும்போது கிடைக்கும் வெப்பம். தண்ணீரின் சூடு குறைந்தால் வெப்பமும் குறையும், அதுவும் நேர் விகிதத்தைவிட வேகமாகக் குறையும். வித்தியாசம் 30 டிகிரி என்றால் எழுதியிருப்பதில் பாதிதான். 25 டிகிரி என்றால் சுமார் 40 சதவீதம். 20 டிகிரி என்றால் 30 சதவீதம்.

உங்கள் படுக்கையறையை 21 டிகிரியில் வைக்க மிகக் குளிரான நாளில் 650 வாட் வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். ஜன்னலுக்குக் கீழே ஒரு மீட்டர் நீளத்தில் ஒற்றைத் தகடு ரேடியேட்டர் இருக்கிறது, 1,000 வாட் வகை. கேஸ் பாய்லர் அதற்குச் சராசரி 65 டிகிரியில் தண்ணீர் அனுப்பியபோது சுமார் 850 வாட் கிடைத்தது, அறை நன்றாகச் சூடானது, நீங்களும் அதைப் பற்றி யோசிக்கவே இல்லை. ஹீட் பம்ப் அதே ரேடியேட்டருக்குச் சராசரி 46 டிகிரியில் அனுப்பினால் கிடைப்பது 400 வாட். அறை குளிரும். ஹீட் பம்ப் வேலைக்காகாது என்று அக்கம்பக்கத்தில் பேச்சு கிளம்புவது பல நேரம் இப்படித்தான். அதே இடத்தில், அதே நீளத்தில் இரட்டைத் தகடு ரேடியேட்டரை மாட்டினால் சுமார் 1,700 வாட் வகை கிடைக்கும். 46 டிகிரி தண்ணீரிலேயே அது 680 வாட்டுக்குப் பக்கத்தில் தரும். போதும்.

இன்னொரு வழி, ரேடியேட்டரை மாற்றாமல் தண்ணீரை 60 டிகிரிக்கு ஏற்றிவிடுவது. இப்போது வரும் இயந்திரங்களில் பல அந்தச் சூட்டுக்குப் போகும். கொட்டேஷன் மலிவாக இருக்கும், மானியம் போக உங்கள் கையிலிருந்து கொடுப்பதும் குறையும். ஆனால் ஒவ்வொரு வருடமும் மின்சார பில்லில் அந்த மிச்சத்தைத் திருப்பிக் கட்டுவீர்கள்.

எவ்வளவு என்று பார்ப்போம். கணக்குக்காக மின்சாரம் யூனிட் 25 பென்ஸ், கேஸ் 6 பென்ஸ் என்று வைத்துக்கொள்கிறேன். 2025இல் சாதாரணக் கட்டணங்கள் இதற்குப் பக்கத்தில்தான் இருந்தன. வீட்டுக்கு வருடத்துக்கு 12,000 யூனிட் வெப்பம் தேவை. 85 சதவீதத் திறனுள்ள கேஸ் பாய்லருக்கு வருடம் சுமார் 850 பவுண்டு ஆகும். ஹீட் பம்ப் 2.8 மடங்கில் ஓடினால் சுமார் 1,070 பவுண்டு. 3.5 மடங்கில் ஓடினால் சுமார் 860. 4 மடங்கில் ஓடினால் 750. இதே இயந்திரம், இதே வீடு, இதே மானியம். 2.8க்கும் 3.5க்கும் நடுவில் வருடத்துக்கு 210 பவுண்டு நிற்கிறது. பதினைந்து வருடம் ஓடினால் 3,000 பவுண்டுக்கு மேல். ரேடியேட்டர் மாற்றும் செலவு அதற்குள் அடங்கிவிடும்.

கேஸ் இணைப்பையே எடுத்துவிட்டால், உபயோகித்தாலும் உபயோகிக்காவிட்டாலும் தினமும் ஏறும் நிலையான கட்டணமும் போய்விடும். ஆனால் அடுப்பும் கேஸில் எரிந்தால் அதையும் மாற்றினால்தான் இது நடக்கும். ஹீட் பம்ப் வைத்திருப்பவர்களுக்கென்று சில மின்சார நிறுவனங்கள் குறைந்த கட்டணத் திட்டம் வைத்திருக்கின்றன. பொருத்தும் முன்பே அதையும் விசாரித்து வைப்பது நல்லது.

கொட்டேஷன் வந்ததும் எந்த எண்ணைப் பார்க்க வேண்டும் என்று யாராவது கேட்டால், மொத்தத் தொகைக்கு முன்னால் இரண்டு எண்ணைப் பாருங்கள் என்பேன்: மிகக் குளிரான நாளில் தண்ணீர் எத்தனை டிகிரியில் ஓடும் என்று வடிவமைத்திருக்கிறார்கள், வருடம் முழுக்கச் சராசரியாக எத்தனை மடங்கு வெப்பம் கிடைக்கும் என்று எதிர்பார்க்கிறார்கள். முதல் எண் 45, 50க்குள் இருந்தால் மகிழ்ச்சி. 55க்கு மேல் இருந்தால் ஏன் என்று கேளுங்கள். சில வீடுகளில் அதற்கு நியாயமான காரணம் இருக்கும். கேட்டால் விளக்கத் தெரியாதவரிடம் வேலையைக் கொடுக்காதீர்கள்.

கொட்டேஷனில் வராமல் பிறகு முளைக்கும் செலவுகள்

தொட்டி இல்லாமல் குழாயைத் திறந்ததும் வெந்நீர் தரும் காம்பி பாய்லர் வைத்திருந்தவர்கள், சிலிண்டர் எனப்படும் வெந்நீர்த் தொட்டியை மறந்திருப்பார்கள். காம்பி வந்தபோது சிலிண்டரைக் கழற்றி அந்த அலமாரியில் துணி அடுக்கிவிட்டார்கள். ஹீட் பம்புக்குச் சிலிண்டர் வேண்டும், திறந்த குழாயில் நொடியில் வெந்நீர் தரும் அளவுக்கு அதற்கு வேகம் இல்லை. இரண்டு மூன்று பேர் இருக்கும் வீட்டுக்கு ஆளுயரத்தில் ஒரு தொட்டி வைக்க இடம் ஒதுக்க வேண்டும். இதைச் சர்வேக்கு வருபவரோடு வீட்டுக்குள் நின்றே முடிவு செய்துவிடுங்கள்.

1970களில் மத்திய வெப்ப அமைப்பு போட்ட வீடுகளில் சில இடங்களில் பென்சில் தடிமனுக்கு 8, 10 மில்லிமீட்டர் செப்புக் குழாய் ஓடியிருக்கும். குறைந்த சூட்டில் அதிகத் தண்ணீர் ஓட வேண்டிய ஹீட் பம்புக்கு அந்த வழி சில நேரம் போதாது. தரைப் பலகையைத் தூக்கிக் குழாயை மாற்ற வேண்டி வந்தால் செலவும் தூசியும் நிச்சயம். கணக்குப் போட்டுப் பார்த்து, அதே குழாயில் சமாளித்த வீடுகளும் உண்டு. எனவே குழாயின் அளவைச் சர்வேயில் குறித்தார்களா என்று கேளுங்கள்.

வரிசை வீடுகளில் இன்னொன்று இருக்கிறது. தெருவிலிருந்து வரும் மின்கம்பி நேராக உங்கள் வீட்டுக்கு வராமல் பக்கத்து வீட்டுக்குப் போய் அங்கிருந்து உங்களுக்கு வந்திருக்கலாம். இதை லூப்டு சப்ளை என்கிறார்கள். பழைய தெருக்களில் சாதாரணம். ஹீட் பம்புக்கு முன்னால் அந்த ஏரியாவின் மின் விநியோக நிறுவனத்துக்குத் தெரிவித்து, தேவைப்பட்டால் கம்பியைப் பிரிக்கவும் மெயின் ஃபியூஸை மாற்றவும் வேண்டும். பொருத்தும் நிறுவனம்தான் விண்ணப்பிக்கும். ஆனால் பக்கத்து வீட்டுக்காரரின் சம்மதமும் தேவைப்படலாம், வாரக்கணக்கில் இழுக்கவும் செய்யும். மூன்று மாத வவுச்சர் ஓடிக்கொண்டிருக்கும்போது இது தெரியவந்தால் எல்லோருக்கும் பதற்றம். மீட்டர் பெட்டியைப் படம் எடுத்து முதல் நாளே அனுப்பிவிட்டால் பாதிப் பிரச்சினை அங்கேயே தீரும்.

இங்கிலாந்தில் வெளியே வைக்கும் பெட்டிக்குப் பெரும்பாலும் கட்டட அனுமதி வாங்க வேண்டியதில்லை. பக்கத்து எல்லையிலிருந்து ஒரு மீட்டர் தள்ளித்தான் வைக்க வேண்டும் என்ற விதியை 2025 மே மாதம் நீக்கிவிட்டார்கள். சின்ன பின்கட்டு வைத்திருப்பவர்களுக்கு இது பெரிய நிம்மதி. சத்தக் கணக்கு மட்டும் கட்டாயம் செய்ய வேண்டும். பாரம்பரியக் கட்டடமாகப் பட்டியலிட்ட வீடுகளுக்குத் தனி அனுமதி வேண்டும், அதை வாங்காமல் ஆணிகூட அடிக்காதீர்கள். பாதுகாக்கப்பட்ட பகுதியில் இருந்தால் கவுன்சிலில் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்வது நல்லது. நீண்டகாலக் குத்தகையில் வாங்கிய லீஸ்ஹோல்ட் ஃபிளாட்டில் இருப்பவர் நில உரிமையாளரின் எழுத்துமூலச் சம்மதம் இல்லாமல் நகர முடியாது.

மொத்தச் செலவு எவ்வளவு? காற்று வகைக்கு மானியத்துக்கு முன்னால் 12,000 முதல் 14,000 பவுண்டு வரை சாதாரணமாக ஆகிறது, பழைய பெரிய வீடு என்றால் மேலே போகும். பிரிட்டனில் ஹீட் பம்ப் பொருத்துவதற்கு 2027 மார்ச் இறுதிவரை மதிப்புக் கூட்டு வரி (VAT) பூஜ்ஜியம். கொட்டேஷனில் வரி சேர்த்திருந்தால் கேளுங்கள்.

இன்சுலேஷன் முதலா, ஹீட் பம்ப் முதலா

முதலில் வீட்டை முழுசாக மூடு, அப்புறம்தான் ஹீட் பம்ப் என்று சொல்லும் ஒரு கூட்டம் உண்டு. நான் அந்தக் கட்சி இல்லை. முழுச் செங்கல் சுவருக்கு வெளியிலோ உள்ளிலோ இன்சுலேஷன் போடுவது ஹீட் பம்பைவிட அதிகமாகவே செலவு வைக்கக்கூடிய வேலை. அதுவரை காத்திருந்தால் பலர் எதையும் செய்யாமலே இருந்துவிடுவார்கள். அதோடு பழைய சுவர் ஈரத்தை வாங்கி வெளியே விடும் சுபாவம் உள்ளது. தப்பான பொருளை வைத்து உள்பக்கம் அடைத்தால் ஈரம் சுவருக்குள்ளேயே நின்று பூஞ்சை பிடிக்கும். தெரிந்தவர் கையால் மட்டும் செய்ய வேண்டிய வேலை அது.

லாஃப்ட் அப்படி அல்ல. 270 மில்லிமீட்டர் கனத்துக்கு இன்சுலேஷன் விரிப்பது மலிவு, ஓரிரு நாளில் முடியும், பலனும் உடனே தெரியும். கதவுக்கு அடியில், ஜன்னல் ஓரத்தில், உபயோகிக்காத புகைபோக்கியில் நுழையும் குளிர்காற்றை அடைப்பதும் அப்படியே. தரைக்கு அடியில் காற்று போக வைத்திருக்கும் துளைச் செங்கல்களை மட்டும் அடைத்துவிடாதீர்கள், மரத்தரை உளுத்துப்போகும். இவற்றை சர்வேக்கு முன்பே செய்தால் வெப்ப இழப்புக் கணக்கு சின்னதாக வரும், சின்ன இயந்திரம் போதும், ரேடியேட்டர் மாற்றுவதும் குறையும். பாய்லர் அப்கிரேட் ஸ்கீம் இன்சுலேஷனுக்குப் பணம் தராது.

வருமானம் குறைவாக உள்ள குடும்பங்களுக்கு வேறு கதவு இருக்கிறது. இங்கிலாந்தில் வார்ம் ஹோம்ஸ் லோக்கல் கிராண்ட் என்ற திட்டம் 2025இல் தொடங்கியது. குடும்ப வருமானம் வருடத்துக்கு 36,000 பவுண்டு அல்லது அதற்குக் கீழே, ஈ.பி.சி. தரம் டி முதல் ஜி வரை என்றால் இன்சுலேஷனுக்கும் ஹீட் பம்புக்கும் சேர்த்தே உதவி கிடைக்கலாம். இது உள்ளூர் கவுன்சில் வழியாக நடக்கிறது. உங்கள் கவுன்சில் இதில் சேர்ந்திருக்கிறதா என்று முதலில் பாருங்கள். வேல்ஸில் இதே மாதிரிக் குடும்பங்களுக்கு நெஸ்ட் என்ற திட்டம் உண்டு. இந்த நிபந்தனைகளுக்குள் வருபவர்கள் 7,500ஐப் பற்றி யோசிக்கும் முன்பே இதை விசாரித்துவிட வேண்டும்.

ஸ்காட்லாந்தில் இருப்பவர்களுக்குப் பாய்லர் அப்கிரேட் ஸ்கீம் பொருந்தாது. அங்கே ஹோம் எனர்ஜி ஸ்காட்லாந்து அமைப்பு வழியாக 7,500 பவுண்டு மானியமும், வேண்டுமென்றால் அதே அளவு வட்டியில்லாக் கடனும் கிடைக்கிறது. கிராமப்புறத்தில், தீவுகளில் இருந்தால் மானியம் 9,000 வரை. அங்கே நீங்களே விண்ணப்பிக்க வேண்டும், ஒப்புதல் கடிதம் கைக்கு வருவதற்கு முன் வேலையைத் தொடங்கினால் பணம் போய்விடும். வட அயர்லாந்துக்கு மேலே சொன்ன இரண்டுமே கிடையாது.

பொருத்தி முடித்த பிறகு

பழைய வீட்டில் நாம் எல்லோரும் பழகிவிட்ட ஒரு முறை இருக்கிறது. காலையில் ஒரு மணி நேரம் பாய்லரைக் கொளுத்து, சாயங்காலம் இரண்டு மணி நேரம் கொளுத்து, நடுவில் போர்வை. ஹீட் பம்பை அப்படி ஓட்டினால் வீடும் சூடாகாது, பில்லும் எகிறும். குறைந்த சூட்டில், நீண்ட நேரம் ஓடுவதுதான் அதன் இயல்பு. இரவில் ஒன்றிரண்டு டிகிரி குறைத்துக்கொள்ளலாம், முழுசாக நிறுத்த வேண்டாம். ரேடியேட்டரைத் தொட்டால் கை சுடாது, வெதுவெதுப்பாகத்தான் இருக்கும். அது பழுது இல்லை.

வெளியே குளிர் ஏற ஏறத் தண்ணீரின் சூட்டைத் தானாகவே ஏற்றும், குளிர் குறையக் குறைக்கும் ஒரு அமைப்பு இயந்திரத்தில் இருக்கிறது. வெதர் காம்பன்சேஷன் என்று பெயர். பொருத்துபவர் போகும் முன் அதை இயக்கியிருக்கிறாரா என்று கேட்டு, எப்படி மாற்றுவது என்று உங்கள் எதிரிலேயே செய்துகாட்டச் சொல்லுங்கள். முதல் குளிர்காலத்தில் வீடு தேவைக்கு மேல் சூடாக இருந்தால் அந்த அமைப்பை ஒரு படி கீழே இறக்கி இரண்டு நாள் பாருங்கள். இன்னமும் வசதியாக இருந்தால் இன்னொரு படி. குளிர ஆரம்பித்ததும் ஒரு படி ஏற்றி அங்கேயே விட்டுவிடுங்கள். எம்.சி.எஸ். சான்றிதழ், அறை வாரியான வெப்ப இழப்புக் கணக்கு, வாரண்டி, வருடாந்திர சர்வீஸ் விவரம் நான்கையும் கையில் வாங்கிய பிறகு கடைசித் தவணையைக் கொடுங்கள்.